அழிந்தது, அழித்தது, அழித்துக்கொண்டது

நவராத்திரிக்கு முந்தைய சனிக்கிழமை: மாலையில் ரமணி வீட்டுக்கு வந்தான். அவனுக்கு இருமல் இருந்தது. சாப்பிட்டுவிட்டு அசோக் நகர் திரும்பினான்.

திங்கள்: விசாலத்துக்குக் காய்ச்சல், உடல்வலி.

புதன்: சளி மாதிரி எடுக்கப்பட்டது. ரமணிக்கும் எடுக்கப்பட்டது. இருவருக்கும் இன்ஃப்ளூயன்சா. மருந்து தொடங்கியது.

வெள்ளி: விசாலத்துக்கு மூச்சுத் திணறல். மருத்துவமனையில் சேர்ந்தாள்.

அடுத்த திங்கள்: காய்ச்சல் இறங்கியது.

செவ்வாய்: மறுபடியும் மாதிரி எடுக்கப்பட்டது. வைரஸ் தென்படவில்லை. மாலையில் ஆக்சிஜன் குறைந்தது. செயற்கைச் சுவாசம்.

வியாழன்: காலையில் இறந்தாள்.

இந்தக் குறிப்பில் யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சல் வந்தது, இறங்கியது, ஆக்சிஜன் குறைந்தது, அவள் இறந்தாள். விசாலம் என் மனைவி. ரமணி அவளுடைய தம்பி. எழுதியவன் நான். இப்படி எழுதுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்துப் பழக்கினார்கள். சம்பளம் நின்றுவிட்டது, பழக்கம் நிற்கவில்லை.

அடையாற்றில் நான் வேலை பார்த்த வைரஸ் ஆய்வுக்கூடத்தை இப்போது நடத்துபவர் டாக்டர் கவிதா. அங்கே புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. செல் வளரும் தட்டை உள்ளே வைத்தால் அதுவே கழுவி, அதுவே சாயமேற்றி, அதுவே படமெடுத்து, எத்தனை செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று சொல்லிவிடும். "சார், பழைய முறையைப் பத்தி ஆய்வுக்கூட மலருக்கு நீங்க எழுதணும். இப்ப வர்றவங்களுக்கு எதையும் கையால செஞ்சு பழக்கமில்லை" என்று தொலைபேசியில் கேட்டார். வீட்டில் எனக்கு வேறு வேலை இல்லாததால் ஒப்புக்கொண்டேன். நடைமுறையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் மேலே உள்ளது வந்து நின்றது. அதை அடித்துவிடத் தோன்றவில்லை. அதுவும் நடைமுறைப்படிதான் எழுதப்பட்டிருக்கிறது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மயிலாப்பூரில் பிறந்தேன், கல்லூரி இங்கே, முனைவர் பட்டம் வடக்கே. திரும்பி வந்து அடையாற்றில் சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகள் செல்களுக்குச் சோறு போடுவதில் கழிந்தன. மனிதச் செல்கள் குடுவையின் அடியில் பாய் விரித்தாற்போல ஒட்டிக்கொண்டு வளரும். அவற்றின் மேல் நிற்கும் ஊட்டநீரை உரிய நாளில் மாற்ற வேண்டும். தீபாவளி, பொங்கல் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. நான் கல்யாணம் செய்துகொண்ட வாரத்தில்கூட ஒரு முறை போய் மாற்றிவிட்டு வந்தேன். விசாலம் அதைக் கடைசிவரை எல்லோரிடமும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வதுபோல.

ஆய்வுக்கூடம் அறியாதவர்களும் மலரைப் படிப்பார்கள் என்பதால் எங்கள் வேலை என்னவென்று ஒரு பத்தியில் சொல்கிறேன். வைரஸ் ஒரு மனிதச் செல்லுக்குள் நுழைந்ததும் தன்னைப் பிரதியெடுக்கத் தொடங்குகிறது. செல்லில் உள்ள சில காவல் புரதங்கள் இந்த அந்நியப் பிரதியை மோப்பம் பிடிக்கின்றன. அதன் பின் நடப்பதெல்லாம் ஒழுங்காக நடக்கும். செல் தன் உற்பத்தியை நிறுத்துகிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உறை கசிகிறது. காஸ்பேஸ் என்ற வெட்டும் நொதிகள் விழித்துக்கொண்டு, உள்ளே இருப்பதை வரிசையாகத் துண்டிக்கின்றன. டி.என்.ஏ. சீரான துண்டுகளாகிறது. செல் சுருங்குகிறது, அண்டைச் செல்களைப் பற்றியிருந்த பிடியை விடுகிறது, சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது, ‘என்னை எடுத்துப் போகலாம்’ என்ற அடையாளத்தை வெளியுறையில் காட்டுகிறது. துப்புரவுச் செல்கள் வந்து எடுத்துப்போகின்றன. வெடிப்பதில்லை, சிந்துவதில்லை. எங்கள் தெருவில் குப்பை இவ்வளவு ஒழுங்காக எடுக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

இதற்குப் புத்தகத்தில் உள்ள பெயர், திட்டமிட்ட செல் இறப்பு. ‘திட்டமிட்ட’ என்ற சொல் செய்தித்தாளில் பெரும்பாலும் கொலைக்கு முன்னால்தான் வருகிறது என்பதைப் பெயர் வைத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். ‘செல்’ என்ற சொல்லுக்கு நேரவிருந்த கதியையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. வடபழனியில் ஒரு கல்யாணத்தில், செல் ஏன் சாகிறது என்று ஆராய்பவர் என்று என்னை ஒருவர் அறிமுகப்படுத்தினார். பந்தியில் பக்கத்து இலைக்காரர் உடனே தன் கைபேசியை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு நாளா ஆன் ஆவல சார். பேட்டரியா, போர்டா?"

நான் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, போர்டு என்றேன். என் முடிவுகளில் பொதுமக்களில் ஒருவர் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

எங்கள் தலைவர் டாக்டர் ரெஜினா. சாந்தோமில் மீன் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கேள்வி ஒன்று கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குப் பயந்து சிலர் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போனார்கள். நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு முன் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சற்றே சாய்த்து, திரவத்தைப் பார்ப்பார். ஊட்டநீர் தெளிவாக இருக்கிறதா, தூசி படிந்ததுபோல ஏதாவது மிதக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் கண் கருவிக்குப் போகும்.

சனிக்கிழமைதோறும் கூட்டம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எழுதுவது ஆங்கிலத்தில், சண்டை தமிழில். அப்படியொரு சனிக்கிழமை டாக்டர் வரதன் தன் முடிவைச் சொன்னார். வரதன் வெளிநாட்டில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர். துப்புரவான மனிதர், உறிஞ்சுகுழாயைத் தொடுவதற்கு முன்னும் கை கழுவுவார், பின்னும் கழுவுவார். மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் கண்வலிக்குக் காரணமான வைரஸ் வகை ஒன்றை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அந்த வைரஸிடம் செல்லின் இறப்பைத் தடுக்கும் புரதம் ஒன்று உண்டு. செல் சீக்கிரம் செத்தால் பிரதியெடுக்கும் பட்டறை மூடிவிடும் அல்லவா, அதற்காக. வரதனிடம் இருந்தது அந்தப் புரதம் இல்லாத ஊனமுற்ற வகை. அது தொற்றினால் செல்கள் விரைவில் செத்திருக்க வேண்டும். அவருடைய குடுவைகளிலோ எல்லாம் உயிரோடு இருந்தன.

"என் வைரஸ் செல்லை அழிக்கலை மேடம்" என்றார்.

"அழிக்கலையா, அழியலையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"ஒண்ணு இல்லை. அழிக்கலைன்னா அது வைரஸைப் பத்தின பேச்சு. அழியலைன்னா செல்லைப் பத்தின செய்தி. நீங்க இதுல எதைப் பாத்தீங்க?"

வரதன் செல்களின் படத்தைக் காட்டினார். ஒட்டிய செல்கள் அனைத்தும் நலம். எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் குறைவு; வளர்ச்சி மந்தம் என்று விளக்கம் எழுதியிருந்தார்.

டாக்டர் ரெஜினா படத்தைப் பார்க்கவில்லை. "மிதந்ததை எங்க வச்சீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

எங்கள் துறைக்கு வெளியே எவரும் செய்ய முடியாத தவறு இது. சாகிற செல் முதலில் செய்வது பிடியை விடுவது. விட்டதும் மிதக்கும். சாயமேற்றுவதற்கு முன் குடுவையைக் கழுவினால் மிதப்பவை கழுவிய நீரோடு போய்விடும். அடியில் எஞ்சியிருப்பவற்றை எண்ணினால் ஒருவர்கூடச் சாகவில்லை என்ற முடிவு நிச்சயம் கிடைக்கும். எவ்வளவு நன்றாகக் கழுவுகிறோமோ அவ்வளவு நல்ல முடிவு.

"நான் ஒவ்வொரு தடவையும் சுத்தமாக் கழுவினேன் மேடம்" என்றார் வரதன், தன்மேல் அசிரத்தை என்ற குற்றம் வந்துவிடக் கூடாதே என்று.

"தெரியுது. சுத்தமாக் கழுவிட்டீங்க."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் ரெஜினா தொடர்ந்தார். "மார்க்கெட்ல மீன் வாங்குறவங்க கூட செவுளைத் தூக்கிப் பாத்துத்தான் வாங்குவாங்க சார். நாம மேல இருக்கிற செதிலைப் பாத்துட்டு ஃப்ரெஷ்ஷுன்னு எழுதறோம்."

அடுத்த வாரம் அந்தச் சோதனை மறுபடி நடந்தது. டாக்டர் ரெஜினா என் பின்னால் நின்றார். இப்போது வருபவர்களுக்காக முறையை விவரமாகச் சொல்கிறேன். காற்று வடிகட்டும் பெட்டிக்குள் குடுவையைக் கிடையாக வைக்க வேண்டும். மேல் நீரைக் கொட்டக் கூடாது; குழாயால் மூலையிலிருந்து மெதுவாக உறிஞ்சி, பெயர் எழுதிய குப்பியில் விட வேண்டும். மெல்லக் கழுவிய முதல் நீரும் அதே குப்பிக்குத்தான். ஒட்டியிருக்கும் செல்களை நொதி போட்டுப் பெயர்த்து, அவற்றையும் அந்தக் குப்பியிலேயே சேர்க்க வேண்டும். செத்ததும் சாகாததும் ஒன்றாகச் சுழல வேண்டும். சுழற்றும் கருவியை எங்கள் உதவியாளர் தேசிங்கு, ‘ராட்டினம்’ என்றுதான் சொல்வார். சுழன்று முடிந்ததும் குப்பியின் அடியில் கடுகளவு வெண்மையாகப் படிந்திருக்கும். வரதன் வழக்கமாகக் கீழே கொட்டும் நீரை அன்று ஒரு குடுவையிலிருந்து தனியாகவும் சுழற்றினோம்; அதில் மட்டுமே கடுகைவிடப் பெரிதாகப் படிந்திருந்தது.

குப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த தேசிங்கு என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"இன்னா சார் இது, உசுரோட கீறதை உட்டுட்டு செத்ததைப் பொறுக்கிக்கினு கீறீங்க? இதுக்கா அம்மா ரெண்டு நாளா தூங்கல?"

"எத்தனை செத்துச்சுன்னு தெரியணும், தேசிங்கு."

"தெரிஞ்சா எய்ந்து வந்துருமா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படிவிலிருந்து எடுத்த டி.என்.ஏ. மறுநாள், துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஏணிபோல ஏறி நின்றது. படிகள் சம இடைவெளியில். ஒழுங்காகச் செத்ததற்கு அதுதான் சாட்சி. வரதன் ஏணியை நெடுநேரம் பார்த்தார். பிறகு போய்க் கை கழுவினார்.

அன்றிரவு இதை விசாலத்திடம் சொன்னேன். அவள் தி. நகரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. நான் சொல்லும் வைரஸ் கதைகளைப் பொதுவாக அவள் மோர் கரைத்துக்கொண்டே கேட்பாள். அன்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க மேடம் கேட்டது எங்க எட்டாம் கிளாஸ் பாடம். அழிந்தது தன்வினை, அழித்தது பிறவினை. ஒரு எழுத்துதான் வித்தியாசம். ‘ந்’ போட்டா யார் மேலயும் பழி இல்லை. ‘த்’ போட்டா ஒருத்தனைப் பிடிச்சுண்டு வரணும்."

"மூணாவது ஒண்ணு இருக்கு. நாங்க இப்போ அதைத்தான் சொல்றோம். வைரஸ் அழிக்கலை, செல்லே தன்னை அழிச்சுண்டுது."

"அது தப்பு."

"எது தப்பு? வெளிநாட்டுக்காரா எல்லாம் அப்படித்தான் எழுதறா."

"அவாளுக்குத் தமிழ் தெரியாது, மன்னிச்சுடலாம். ‘கொள்’ எப்போ போடுவோம்? பண்றவாளுக்கே பலன் போறபோது. சமைத்துக்கொண்டாள்னா தனக்குச் சமைச்சா. உங்க செல்லுக்கு அழிஞ்சதுல என்ன பலன்?"

"அதுக்கு ஒண்ணுமில்லை. பக்கத்துல இருக்கற செல்லுக்குத்தான். வைரஸ் பரவாது."

"அப்போ ‘கொடு’ போடணும். அழித்துக்கொடுத்தது. அடுத்தாத்துக்காகச் சமைச்சுக் கொடுத்தாப்பல."

சொல்லிவிட்டு மோரை ஊற்றினாள். திங்கட்கிழமை இதை டாக்டர் ரெஜினாவிடம் சொன்னேன். வழக்கம்போலக் காத்திருந்தார், இம்முறை எதற்காகக் காத்திருந்தார் என்று தெரியவில்லை. கடைசியில், "உங்க வீட்டம்மாவுக்கு இங்க ஒரு வேலை போட்டிருக்கலாம்" என்றார். இரண்டு பெண்களும் என் முன்னிலையில் சந்தித்துக்கொண்டதே இல்லை. அது என் நல்லகாலம்.

என் பணிக்காலத்தின் கடினமான வழக்கு இதிலிருந்து கிளைத்ததுதான். காஸ்பேஸ்களை முடக்கும் மருந்து ஒன்றை வெளிநாட்டிலிருந்து உலர்பனியில் வரவழைத்தோம். செல்லுக்கு அதைக் கொடுத்துவிட்டு வைரஸைத் தொற்றவைத்தால், சாக வேண்டிய செல் சாக முடியாது. வரதனின் ஊனமுற்ற வைரஸோடு முதலில் பார்த்தோம். செல்கள் அழகாக ஒட்டியிருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் திரவம் தெளிந்திருந்தது. ஒரு தூசிகூட இல்லை. அந்தத் தெளிந்த நீரை எடுத்து அளந்தபோது அதில் வைரஸ் பன்மடங்கு பெருகியிருந்தது. சாகாமல் நின்ற ஒவ்வொரு செல்லும் பட்டறையாக ஓடிக்கொண்டிருந்தது. விசாலத்தின் இலக்கணம் நிரூபணமானது. இறப்பு அண்டைவீட்டாருக்குக் கொடுக்கப்பட்டதுதான்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். டாக்டர் ரெஜினா, "இன்ஃப்ளூயன்சாவையும் போட்டுப் பாருங்க" என்றார்.

போட்டோம். முடிவு தலைகீழாக வந்தது. மருந்து கொடுத்த குடுவையில் வைரஸ் குறைந்தது. கொடுக்காத குடுவையில் கூடியது. நான் குப்பிகள் மாறிவிட்டன என்று நினைத்து மறுபடி செய்தேன். மறுபடியும் அதே. செல்லின் காஸ்பேஸ் கத்தரிகள் வேலை செய்யத் தொடங்கும் நேரத்தை அந்த வைரஸ் தன் சரக்கை உட்கருவிலிருந்து வெளியேற்றப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது பிறகு விளங்கியது. செல் அண்டைவீட்டாருக்கென்று கொடுத்ததை நடுவில் எதிரி வாங்கிக்கொள்கிறான்.

நான் டாக்டர் ரெஜினாவின் அறைக்குப் போய், "மேடம், அப்ப யார்தான் செல்லைக் கொல்றது?" என்று கேட்டேன்.

"நீங்க போலீஸ் ஸ்டேஷன்லயா வேலை பாக்குறீங்க?"

"இல்லை மேடம்."

"அப்ப யாருன்னு கேக்காதீங்க. எது எப்ப நின்னுச்சுன்னு எழுதுங்க. அதுல தெரியறது தெரியட்டும். தெரியாததுக்கு ‘த்’ போடாதீங்க."

அன்றிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் அது சட்டம். நான் தலைவரான பின்னும் காப்பாற்றினேன். ‘வைரஸ் கொன்றது’ என்று எழுதிய மாணவர்கள் என்னிடமிருந்து தாளைத் திரும்பப் பெற்றார்கள். செல்லுக்கு ஆசை, தியாகம், நோக்கம் என்று குணம் கற்பித்தவர்கள் இரண்டு முறை திரும்பப் பெற்றார்கள். வீட்டில் இன்ஃப்ளூயன்சா முடிவைச் சொன்னபோது விசாலம் சளைக்கவில்லை. "கொடுக்கறவா, யார் வாங்கிக்கறான்னு பாத்துண்டா கொடுக்கறா?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள். அதையும் குணம் கற்பிப்பது என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

இனி சொல்வது ஓய்வு பெற்றபின் நடந்தது.

மருத்துவமனையில், வைரஸ் தென்படவில்லை என்ற முடிவு வந்த செவ்வாய்க்கிழமை மாலை, இளம் டாக்டர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "சார், வைரஸ் போயிடுச்சு. இப்ப நடக்கிறது பாடியோட ரியாக்ஷன். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன்" என்று ஒரு தாளில் நுரையீரலைப் பலூனாக வரைந்தார். பலூனின் சுவரில் புள்ளிகள் வைத்து, அவை உதிர்வதாக அம்புக்குறி போட்டார். படம் தெளிவாக இருந்தது. பல ஆண்டுகள் பல வகுப்புகளில் நானும் அதையே வரைந்திருக்கிறேன். என் பலூன் இவ்வளவு உருண்டையாக வந்ததில்லை. நன்றி சொல்லித் தாளை வாங்கிக்கொண்டேன்.

காரியங்கள் முடிந்தபின் ரமணி வீட்டுக்குள் வரவில்லை. ஞாயிறுதோறும் அசோக் நகரிலிருந்து ஆட்டோவில் வருவான். கிரில் கேட்டுக்கு வெளியே நின்று காய்கறிப் பையை உள்ளே நகர்த்துவான். முகக்கவசம் அணிந்திருப்பான். நவராத்திரி போய், மார்கழி போய், மாசி வந்தும் கவசம் போகவில்லை. அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, தனி ரூம், தனித் தட்டு. பேரனைக் கிட்டயே சேர்க்கறதில்லை. பாதி நாள் சாப்பிடறதில்லை. என்னால முடியலை. நீங்க சொன்னாத்தான் கேப்பார்."

சுருங்குவது, அண்டையில் இருப்பவர்களைப் பற்றியிருந்த பிடியை விடுவது. இதை நான் நுண்ணோக்கியில் நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவழியில் நிறுத்தும் மருந்து குடுவைக்குத்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு நானே கேட்டுக்குப் போய் நின்றேன்.

"உள்ள வாடா. மாஸ்க்கைக் கழட்டு, மூச்சு வாங்கறது உனக்கு."

"இருக்கட்டும் அத்திம்பேர்." பையை நகர்த்தினான். "ஒண்ணு கேக்கணும். அக்காவோட சாம்பிளும் என்னோடதும் உங்க லேபுக்குத்தானே போச்சு? இன்னும் இருக்குமா?"

"ஃப்ரீசர்ல இருக்கும்."

"ரெண்டும் ஒரே வைரஸான்னு பாக்கச் சொல்லுங்கோ."

"எதுக்கு?"

"நான் கொண்டுவந்து கொடுத்தேனா இல்லையான்னு தெரியணும். பரண்லேர்ந்து பொம்மைப் பெட்டியை இறக்கித் தரணும்னு அக்கா கூப்பிட்டா. ஜலதோஷம்னு சொல்லியிருந்தா வராதேன்னிருப்பா. மாத்திரையைப் போட்டுண்டு வந்தேன்."

அவன் வங்கியில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எனவே தணிக்கைக்காரனுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னேன்.

"ரெண்டும் வேற வேறயா இருந்தா நீ இல்லைன்னு சொல்லலாம். ஒண்ணா இருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது. ஊரெல்லாம் அதே வைரஸ் சுத்திண்டிருக்கலாம். அவளுக்குக் கோயில்ல வந்திருக்கலாம், பஸ்ல வந்திருக்கலாம். ரெண்டு பேருக்குமே மூணாமத்தவர்கிட்டேர்ந்து வந்திருக்கலாம்."

"நல்ல கோர்ட்டு அத்திம்பேர் உங்களோடது. விடுதலை பண்ணலாம், தண்டிக்க முடியாதா?"

"முடியாது."

"பரவாயில்லை. பாக்கச் சொல்லுங்கோ."

கவிதாவிடம் சொன்னேன். "சார், யோசிச்சுத்தான் கேக்கறீங்களா?" என்றார். இருவருக்குமான சம்மதக் கையெழுத்துகளை முறைப்படி வாங்கிக்கொண்டார்; விசாலத்துக்காக நான் போட்டேன். மாசி முடிவதற்குள் பதில் வந்தது. இரண்டும் ஒன்றே, மரபணு வரிசையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நன்கு பழக்கப்பட்ட விஞ்ஞானி என்பதால் கவிதா இன்னொன்றும் சொன்னார். அந்த வாரம் மயிலாப்பூரிலிருந்தும் தி. நகரிலிருந்தும் வந்த மாதிரிகளில் சிலவும் இதே வரிசைதான். "அதனால எதுவும் சொல்ல முடியாது சார்" என்றார். நான் காப்பாற்றிய சட்டத்தை எனக்கே வாசித்துக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டருகே சொன்னேன். மற்ற மாதிரிகளைப் பற்றியும் சொன்னேன். அவன் பிற்பகுதியைக் கேட்கவில்லை.

"ஒண்ணுதான்னு வந்துடுத்து. அப்போ நான்தான் கொன்னேன்."

தெரியாததுக்கு ‘த்’ போடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கேட்டைப் பிடித்திருந்த கையை விட்டு ஓர் அடி பின்னால் போனான். வேறு விதமாகச் சொன்னேன்.

"அவ போனப்போ அந்த வைரஸ் அவகிட்ட இல்லை, ரமணி. செவ்வாய்க்கிழமையே இல்லை."

"இல்லையா? அப்போ வேற என்ன?"

"அவளோட நுரையீரல் செல்தான். தொத்து பட்டது ஒவ்வொண்ணும் தானே நின்னுடும். பக்கத்துல இருக்கறதுக்குப் பரவக் கூடாதுன்னு உடம்புல அப்படி ஒரு ஏற்பாடு. எல்லார் உடம்புலயும் உண்டு. உனக்கும் நின்னுது, உனக்குக் கொஞ்சத்தோட போச்சு. அவளுக்கு அளவு மீறி நின்னுடுத்து. எங்க நிறுத்தணும்னு அந்த ஏற்பாட்டுக்குத் தெரியலை."

‘பரவக் கூடாதுன்னு’ என்று சொன்னபோதே அதில் ஒரு நோக்கம் ஒளிந்திருப்பது எனக்குத் தெரிந்தது. மாணவன் எழுதியிருந்தால் தாள் திரும்பப் போயிருக்கும்.

தெருவில் இளநீர் வண்டிக்காரர் யாருடனோ விலை பேசிக்கொண்டிருந்தார்.

"மத்ததெல்லாம் நன்னா இருக்கணும்னு, தான் போயிடறதா?" என்றான் ரமணி.

"அப்படிச் சொல்லக் கூடாது. ஆனா..."

"அக்காவோட செல்லு வேற எப்படி அத்திம்பேர் இருக்கும்? எனக்குப் போடறேன்னு தன் தட்டுல இருக்கறதைத் தள்ளிட்டு, தான் பாதி வயித்தோட எழுந்து போவா. போறும்னு நிறுத்தத் தெரிஞ்சுதா அவளுக்கு? கடைசிலயும் அப்படியே போயிட்டா."

இந்த வாக்கியங்களில் ஆய்வுக்கூட விதிப்படி குறைந்தது நான்கு பிழைகள் உண்டு. செல்லுக்குக் குணம் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குணம் ஒரு மனுஷியின் குணத்திலிருந்து பெறப்பட்டிருக்கிறது. உடம்பின் ஏற்பாடு பாசத்தோடு குழப்பப்பட்டிருக்கிறது. ஆதாரமாகக் காட்டப்பட்டிருப்பது ஒரு சாப்பாட்டுத் தட்டு. ஆனால் அக்காவின் சாவைப் பற்றிப் பேசும்போது, நவராத்திரிக்குப் பிறகு முதல் முறையாக, அவன் ‘கொன்னேன்’ என்று சொல்லவில்லை. ‘போயிட்டா’ என்றான்.

நான் திருத்தவில்லை. கேட்டின் தாழ்ப்பாளை எடுத்தேன். அவன் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து, கவசத்தைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். முகத்தில் நாடாவின் தடம் அழுந்தியிருந்தது. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். மோர் சாதம் போதும் என்றான். நான் கரைத்த மோர் நீர்த்துப்போயிருந்தது. அதைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டான்.

கவிதா கேட்ட நடைமுறைக் குறிப்பு மேலே கட்டுரையின் நடுவில் இருக்கிறது; புதிய கருவியிலும் கழுவிய முதல் நீரைச் சேமிக்கச் சொல்லுங்கள். மற்றபடி என் பக்கம் முடியாமல் நிற்பவை:

சமையல் எரிவாயு இணைப்பை விசாலத்தின் பெயரிலிருந்து மாற்றுவது.

மருத்துவமனை கொடுத்த அவளுடைய நுரையீரல் படங்களை உறையிலிருந்து எடுத்துப் பார்ப்பது.

ரமணியின் வாக்கியங்களைத் திருத்துவது. இதற்கு அவசரமில்லை.